மலையேறும் முறை

மலையைத் தொலைவிலிருந்து காண்பவர்க்கு அது நீலத்திரை விரித்தாற்போலத் தோன்றும். அருகிற் சென்று காண்பவர்க்குக் கல்லும் முள்ளும் மரமும் கொடியும் நிறைந்த தனியுலகமாகத் தோன்றும். அதன்மேல் ஏறி இறங்கியவர்க்கோ, தம் உடலின் ஆற்றலையும் உள்ளத்தின் உறுதியையும் அளந்து காட்டிய அளவுகோலாகவே தோன்றும். காலையில் புறப்பட்டு, உச்சியைக் கண்டு, பொழுது சாயுமுன் அடிவாரம் திரும்புதற்குரிய பாறை மலைகள் நம் நாட்டில் பல உள. அத்தகைய மலையில் முதன்முறையாக ஏற விரும்பும் இளைஞர் அறிய வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றை அறியாமல் ஏறத் தொடங்குவது, ஆழம் அறியாமல் ஆற்றில் காலை விடுவதனை ஒக்கும்.

மலைவழிச் செல்வோர்க்கு அறிவுரை கூறும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளை உடைய சங்கப் பாடல். இதனைப் பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெற்றுவந்த கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்லுவதாக அப்பாட்டு அமைந்துள்ளது. பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள் வழியில் உண்டு. ஆதலால் விடிந்த பின்னரே செல்ல வேண்டும் என்கிறான் அவன். பாசி படர்ந்த பாறை அடியைத் தளரச் செய்யும். ஆதலால் அருகிலுள்ள கோலைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும் என்கிறான். காட்டாற்றுச் சரிவில் கொடி சுற்றிய மரத்தைப் பிடித்து, சிறுவரோடு ஒருவரை ஒருவர் காத்து இறங்க வேண்டும் என்றும், இருள் சூழ்ந்தால் கற்குகையில் தங்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறான். மலையின் வளத்தைப் பாட வந்த புலவர், அதன் இடர்களையும் மறைக்காமல் கூறியிருப்பது எண்ணத்தக்கது.

அப்பாட்டில் நன்னனுடைய மலை நவிரம் என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கும் செங்கத்திற்கும் இடையே உயர்ந்து நிற்கும் பருவதமலையே அந்நவிரம் என்று அறிஞர் கருதுவர். இம்மலை கடல்மட்டத்திற்குமேல் 4,000 அடிக்கும் மிகுந்த உயரமுடையது. உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில் உள்ளது. தென்மாதிமங்கலம், கடலாடி ஆகிய ஊர்களின் பக்கமிருந்து மேலே செல்ல வழிகள் உண்டு. கீழ்ப்பகுதியில் காட்டு மரங்களின் நிழலில் வழி செல்லும். மேலே செல்லச் செல்ல மண் மறைந்து கல் மிகும். உச்சியை அணுகும் இடத்தில் செங்குத்தான பாறை எதிர்நிற்கும். அங்கே பாறையில் நாட்டிய இரும்புக் கடப்பாறைகளும் சங்கிலிகளும் ஏறுவோர்க்குத் துணையாக அமைந்துள்ளன. நிழல்வழி, கல்வழி, பாறைவழி ஆகிய மூன்றும் ஒரே மலையில் அமைந்திருப்பதால், புதிதாய் மலையேறுவோர் எதிர்கொள்ளும் இன்னல்களை விளக்குதற்கு இம்மலை நல்ல எடுத்துக்காட்டாகும்.

மலையேற்றம் அடிவாரத்தில் தொடங்குவதன்று, வீட்டிலேயே தொடங்குவது. எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்ற வீரரான வில்லியம் நேஸ்மித் என்பவர் 1892-ஆம் ஆண்டில் இதற்கு எளிய விதி ஒன்றை வகுத்தார். 3 மைல் தொலைவிற்கு ஒரு மணி நேரம். அதனோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அவ்விதி. இன்றைய அளவையில் கூறினால், ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணியும், 600 மீட்டர் உயரத்திற்கு மற்றொரு மணியும் ஆகும். ஒரு மலையின் உச்சிக்குச் செல்லும் வழி 5 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்று கொள்வோம். தொலைவிற்கு 1 மணி, உயரத்திற்கு ஒன்றரை மணி, ஆக இரண்டரை மணி நேரம் வேண்டும். ஆனால் இது பழகிய கால்களுக்கு, நல்ல வழியில், ஓய்வின்றி நடப்பதற்கு உரிய கணக்கு. பாறை வழியில் முதன்முறை ஏறுவோர் இதனை இருமடங்காகக் கொள்ளுதல் நன்று. காலை 6 மணிக்குப் புறப்பட்டவர் 11 மணிக்கு உச்சியை அடைவார். இறங்குவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரத்தை ஒதுக்கினால்தான் பகலொளியில் அடிவாரம் சேரலாம். காலை 9 மணிக்குப் புறப்படுகிறவர் இக்கணக்கினாலேயே இருளில் அகப்படுவார்.

அடுத்துச் செய்ய வேண்டியது, மலையை அறிந்தவரைத் துணைக்கொள்வது. எவரும் தனியே செல்லுதல் ஆகாது. எந்த வழியாகச் செல்கிறோம், எப்பொழுது திரும்புவோம் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். காட்டுப்பகுதியாயின் வனத்துறையின் விதிகளைக் கேட்டறிந்து, வேண்டிய இசைவினைப் பெறவேண்டும். சமய மரபினால் வெறுங்காலுடன் ஏறுவோரும் உளர். ஏனையோர், அடிப்பகுதி நன்கு பற்றக்கூடிய, முன்னரே அணிந்து பழகிய காலணியை அணிதல் வேண்டும். மலையேறும் நாளில் புதுக் காலணியை அணிந்தால், பாதி வழியிலேயே குதிகாலில் கொப்புளம் தோன்றிவிடும். பையை முதுகில் மாட்டிக் கைகளை வெறுமையாக வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், கட்டுச்சோறு, கடலை உருண்டை, கைவிளக்கு, காயத்திற்குக் கட்டும் துணி, மழைக்கு ஒரு போர்வை ஆகியவை போதும். தேவையற்ற பொருள் ஒவ்வொன்றும் மேலே செல்லச் செல்ல இருமடங்கு பாரமாகத் தோன்றும்.

ஏறத் தொடங்கியதும் இளைஞர் விரைந்து நடப்பது இயல்பு. காலைக் குளிர்ச்சியும் புதிய ஊக்கமும் அவர்களை முன்னே இழுக்கும். இவ்விரைவே பின்னர்த் தளர்ச்சிக்குக் காரணமாகிறது. தசைகளுக்கு வேண்டிய உயிர்வளியைக் குருதியே கொண்டுசெல்கிறது. குருதி கொண்டுதரும் அளவைக் கடந்து தசைகள் உழைத்தால், மூச்சு வாங்கும், கால் கனக்கும், அடிக்கடி நிற்க நேரும். அருகில் வருபவரோடு தடையின்றிப் பேசிக்கொண்டே ஏறக்கூடிய நடையே சரியான நடை. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நடை மிகுந்துவிட்டது என்று அறியலாம். குறுகிய அடிகள் வைத்து, ஒரே சீராக ஏறுகிறவர், ஓடியும் உட்கார்ந்தும் ஏறுகிறவரைவிட முன்னரே உச்சியை அடைவார். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி மலைவழிக்கு மிகவும் பொருந்தும். கூட்டமாகச் செல்லும்பொழுது, மெதுவாக நடப்பவரின் நடையே அனைவருக்கும் நடையாதல் வேண்டும்.

ஏறும் உடல் வெப்பத்தை உண்டாக்குகிறது. வியர்வை ஆவியாகும்பொழுது அவ்வெப்பம் தணிகிறது. வெயிலில் கடுமையாக உழைக்கும் ஒருவருடைய உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை வெளியேறக்கூடும். 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை வெப்பம் குறையும் என்பது உண்மையே. எனினும், வெயிலில் காய்ந்த பாறையின் வெப்பம் அக்குளிர்ச்சியை உணரவிடாது. ஆதலால் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இடையிடையே சிறிது சிறிதாக நீர் பருகவேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதனால், உப்பிட்ட நீர்மோர் மிகவும் நல்லது. தலைவலியும் குமட்டலும் தலைச்சுற்றலும் தோன்றினால், அவை உடல் விடுக்கும் எச்சரிக்கை எனக் கொள்ள வேண்டும். உடனே நிழலில் அமரச் செய்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, நீர் கொடுத்து, தெளிந்தபின் கீழே அழைத்துச் செல்லவேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ அறிவு மயங்கினாலோ அது உயிருக்கே இடரான நிலை. உடலை விரைந்து குளிரச் செய்வதோடு, நேரத்தை வீணாக்காமல் மருத்துவ உதவியையும் நாடவேண்டும்.

பாறைப்பகுதியை அடைந்ததும் கால்களோடு கைகளும் உழைக்கத் தொடங்குகின்றன. இங்கே முதல்விதி, இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்பொழுதும் பாறையில் ஊன்றியிருக்க வேண்டும் என்பது. ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் நகர்த்தலாம். பற்றும் கல்லை முதலில் அசைத்துப் பார்த்து, உறுதியானதென்று அறிந்த பின்னரே அதன்மேல் உடலின் எடையை விடவேண்டும். உடலை உயர்த்துவது கால்களின் வேலை. நிலைபெயராமல் நிறுத்துவது கைகளின் வேலை. கைகளாலேயே உடலைத் தூக்கி ஏறுகிறவர் விரைவில் களைத்துவிடுவார்.

சாய்ந்த வழுவழுப்பான பாறையில் அச்சத்தினால் மார்பைப் பாறையோடு சேர்த்துப் படுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதுவே வழுக்கி விழுவதற்கு வழியாகிறது. நிமிர்ந்து நின்றால் உடலின் எடை முழுவதும் பாதத்தின்மேல் இறங்கும், பாதம் பாறையை நன்கு அழுத்தும், உராய்வு மிகும். முன்னே சாய்ந்தால் எடையின் ஒரு பகுதி கைகளுக்குச் சென்றுவிடும். பாதத்தின் அழுத்தம் குறையும். கால் பின்னோக்கி நழுவும். மேலும், ஒருவருக்கு நேர்கீழே மற்றொருவர் ஏறுதல் கூடாது. மேலே செல்பவரின் காலால் கல் பெயர்ந்தால், அவர் உடனே உரத்த குரலில் கீழுள்ளோரை எச்சரிக்க வேண்டும். பாறை விளிம்புகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். அங்கே புகை எழுப்புதலும் கூச்சலிடுதலும் ஆகா.

வானத்தையும் மறத்தல் கூடாது. கோடைக்காலத்தில் நிலம் காய்ந்து, சூடேறிய காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகங்கள் திரள்வதுண்டு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடியோசை கேட்கும்வரை எத்தனை நொடி என்று பார்க்கவேண்டும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அந்நிலையில் உச்சியிலும், தனிமரத்தின் அடியிலும், இரும்புச் சங்கிலிகளின் அருகிலும் நிற்றல் பெருந்தீங்கு. ஏறும்பொழுது உயிர்காத்த சங்கிலியே அப்பொழுது உயிருக்குப் பகையாகும். மழை பெய்துவிட்டாலோ, பாசி நனைந்து, காலையில் எளிதாய்க் கடந்த பாறை மாலையில் கடத்தற்கரியதாகிவிடும்.

இக்காரணங்களால், புறப்படுமுன்னரே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதியே கடைப்பிடிப்பதற்கு மிக அரியது. சிறு குன்றிற்கும் இமயத்திற்கும் இவ்விதி பொதுவாகும். சுவீடன் நாட்டினரான யோரன் குரோப் என்பவர் 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் தம் நாட்டிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டு நேபாளத்தை அடைந்தார். 1996 மே மாதத் தொடக்கத்தில், செயற்கை உயிர்வளியின் துணையின்றி, தனியராய் எவரெஸ்டின்மேல் ஏறினார். உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டரே எஞ்சியிருந்தது. ஆழ்ந்த பனியில் நடந்தமையால் பொழுது கடந்துவிட்டதை உணர்ந்த அவர், அவ்விடத்திலிருந்தே திரும்பினார். அதே மே மாதம் 10-ஆம் நாள் எவரெஸ்டில் கடும்புயல் வீசியது. உரிய நேரம் கடந்த பின்னும் உச்சியை நோக்கி ஏறியவர் பலர் அதில் அகப்பட்டனர். எண்மர் உயிர் துறந்தனர். குரோப் மே 23-ஆம் நாள் மீண்டும் ஏறி உச்சியை அடைந்தார். முன்பு திரும்பிவந்தமையாலன்றோ அவர் மறுமுறை ஏற முடிந்தது!

இறங்குவதை எளிதென்று கருதுவோர் பலர். மூச்சு வாங்காது என்பது உண்மையே. ஆயினும், இறங்கும்பொழுது தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கவேண்டியுள்ளது. அதனால் தசைநார்களில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, ஓரிரு நாட்களில் வலி மிகும். களைத்த கால் கல்லில் தடுக்கும். வென்றுவிட்டோம் என்னும் எண்ணம் கவனத்தைக் குறைக்கும். ஆதலால் உச்சியில் உணவும் ஓய்வும் கொண்டு, முழங்காலைச் சிறிதே மடித்து, சிறு அடிகளாக இறங்கவேண்டும். செங்குத்தான இடத்தில் பாறையை நோக்கித் திரும்பிக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல இறங்குதல் நன்று.

மலை நமக்கு மட்டும் உரியதன்று. குரங்கும் பறவையும் மானும் வாழும் இடம் அது. ஞெகிழிப் பைகளையும் புட்டிகளையும் அங்கே எறிந்துவிட்டு வருதல் பெருங்குற்றமாகும். நிறைந்த பையை மேலே சுமந்து சென்ற தோளுக்கு, வெறும்புட்டியைக் கீழே கொண்டுவருவது சுமையன்று.

மலையேறுவோன் தன் ஆற்றலை மூன்று கூறாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கூறு ஏறுதற்கு; ஒரு கூறு இறங்குதற்கு; எஞ்சிய ஒரு கூறு, எதிர்பாராது நேரும் இடரின்போது தன்னையும் தன்னுடன் வந்தாரையும் காத்தற்கு. தண்ணீருக்கும் நேரத்திற்கும் இதுவே பங்கீடு. இம்மூன்றாம் கூறு கரையத் தொடங்கும் இடமே திரும்ப வேண்டிய இடமாகும். உச்சி வழியின் பாதியே என்பதை உணர்ந்து, உடன் வந்த அனைவரும் அடிவாரம் சேர்ந்தனரா என்று எண்ணிப் பார்த்த பின்னரே, அன்றைய மலையேற்றம் முடிந்ததெனக் கொள்ள வேண்டும்.