பெயர் ஒன்று, வேகம் வேறு

மாணவர்களே, மாதவரம் 200 அடிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். கிடங்கு எவ்வளவு பெரியதாயிருந்தாலும், சாலை குறுகலாகவோ லாரிகள் மெதுவாகவோ போனால் சரக்கு வேளையோடு துறைமுகம் போய்ச் சேராது அல்லவா? கணிப்பொறியில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான்.

என் மாணவர் ஒருவர், தந்தை ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில், ரிட்சி தெருவில் ஒரு கார்டு வாங்கினார். நண்பனிடம் இருப்பதும் அதே ஜிடி 1030. அதே 2 ஜிபி நினைவகம். ஆனால் அங்கே வழுக்கி ஓடிய விளையாட்டு இங்கே தத்தித் தத்தி நடந்தது. "ஏமாந்துவிட்டேனா, சார்?" என்றார்.

ஒரு கணக்குப் போடுவோம். திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள். புள்ளி ஒன்றின் நிறத்தைக் குறிக்க 4 பைட் என்றால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட். நொடிக்கு 60 படங்கள் என்றால் சுமார் 50 கோடி பைட்! இதுவும் முடிந்த படத்தைத் திரைக்கு அனுப்புவதற்கு மட்டுமே. அதை வரையும்போது சுவரின் நிறம், நிழல், எது முன்னே எது பின்னே என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பலமுறை நினைவகத்துக்குப் போய்வர வேண்டும்.

2 ஜிபி என்பது கிடங்கின் கொள்ளளவு. நினைவகத்திலிருந்து செல்லும் மின்தடங்களே சாலை; இந்தக் கார்டில் அவை 64. என்விடியா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஜிடி 1030இல் இருந்தது ஜிடிடிஆர்5 வகை நினைவகம். தடம் ஒன்றில் நொடிக்கு 600 கோடி பிட் ஓடும். 64ஆல் பெருக்கி, பைட் ஆக்க 8ஆல் வகுங்கள்: 4,800 கோடி பைட். 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 வகை வந்தது. தடங்கள் அதே 64. கணக்கிடும் உறுப்புகளும் அதே 384. தடம் ஒன்றுக்கு 210 கோடி பிட்தான். விடை 1,680 கோடி பைட். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! விவரப் பட்டியலில் நினைவகத்தின் வகை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை யார் படிக்கிறார்கள்? எல்லாருடைய கண்ணும் ஜிபி மீதுதான்.

மறுகோடியில், 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் தடங்கள் 384. ஒவ்வொன்றிலும் 2,100 கோடி பிட். பெருக்கலை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். அது கேட்கும் மின்திறன் 450 வாட். 75 வாட் மின்விசிறிகள் ஆறுக்குச் சமம். கார்டை மட்டும் வாங்கி, பழைய பவர் சப்ளையில் மாட்டினால் தாங்காது.

நம் மாணவர் வாங்கியது டிடிஆர்4. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. விளையாட்டின் அமைப்பில் திரையளவை 1280க்கு 720 என்று குறைக்கச் சொன்னேன். புள்ளிகள் 9,21,600 ஆயின, பாதிக்கும் குறைவு. இப்போது விளையாட்டு தடையின்றி ஓடுகிறது. படம்தான் சற்று மங்கல்.