முழங்காலுக்குள் ஒரு செயற்கை நார்

உடைந்த பொருளைப் புதிதாக மாற்றுவது எளிது. உடலின் ஓர் உறுப்பை மாற்றுவது அவ்வாறன்று. உடலுக்குள் வைக்கப்படும் செயற்கைப் பொருள் மனிதரோடு பல்லாண்டுகள் வாழ வேண்டியது. அதன் பாதுகாப்பை எவ்வாறு அறிவது? முழங்கால் சில்லைக் காக்கும் சிறிய தசைநாரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சரிவில் நடக்கும் கால்கள்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் மலைச்சாலையில் அமைந்த ஊர் நடுவட்டம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைத் தரும் சிங்கோனா மரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்குப் பயிரிடப்பட்டன. இன்று சரிவெங்கும் தேயிலைச் செடிகள் பசுமை போர்த்தி நிற்கின்றன. கொழுந்து பறிப்போரும் பள்ளி செல்லும் சிறுவரும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்தே பழகியவர்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது முழங்கால் சுமை தாங்குகிறது. ஈர மண்ணில் பாதம் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பினால், முழங்கால் சில்லு தன் பள்ளத்தைவிட்டு வெளிப்புறமாக விலகிவிடக்கூடும். விளையாட்டுத் திடலிலும் இவ்வாறு நேர்வதுண்டு. இவ்விலகல் மிகுதியாகக் காணப்படுவது வளரிளம் பருவத்தினரிடையே என்பது கருதத்தக்கது.

சில்லைக் காக்கும் நார்

எலும்பையும் எலும்பையும் இணைப்பது தசைநார். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். முழங்கால் சில்லின் உட்புறத்தைத் தொடையெலும்போடு இணைக்கும் தசைநார் ஒன்று உண்டு. கால் நீட்டிய நிலையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை மடங்கும் வரை சில்லு வெளியே நழுவாமல் காப்பதில் இதற்கே பெரும்பங்கு. அதற்குமேல் மடங்கும்போது தொடையெலும்பின் பள்ளம் சில்லைத் தாங்கிக்கொள்கிறது.

சில்லு முதன்முறை விலகும்போதே இந்நார் பெரும்பாலும் கிழிந்துவிடுகிறது. பலருக்குக் கட்டும் ஓய்வும் தசைப்பயிற்சியுமே போதும். மீண்டும் மீண்டும் விலகுவோருக்கே அறுவை மருத்துவம் தேவைப்படுகிறது. அப்போது தொடையின் பின்புறத் தசையொன்றின் தசைநாணை எடுத்துப் புதிய தசைநாராகப் பொருத்துவர். அது நோயாளியின் சொந்தத் திசு. காலப்போக்கில் உயிரணுக்கள் அதனுள் குடியேறி அதனைப் புதுப்பிக்கும். எனினும், நாண் எடுத்த இடத்தில் வலியும் சிறிது வலுக்குறைவும் தோன்றலாம். இக்குறையை நீக்கவே செயற்கை நார் நாடப்பட்டது.

தோல்வி தந்த பாடம்

மூட்டின் நடுவே அமைந்த குறுக்குத் தசைநாருக்கு மாற்றாகவே செயற்கை நார்கள் முதலில் பெருமளவில் பயன்பட்டன. 1970களில் கரியிழையும், 1980களில் டெஃப்ளான் வகையைச் சேர்ந்த நாரும் பாலியெஸ்டர் நாரும் பொருத்தப்பட்டன. அறுவை முடிந்த சில மாதங்களிலேயே நோயாளிகள் நடந்தனர். தொடக்க முடிவுகள் நம்பிக்கை அளித்தன. ஆண்டுகள் செல்லச்செல்ல நிலைமை மாறியது. நார்கள் எலும்பின் விளிம்பில் உராய்ந்து தேய்ந்தன, சில அறுந்தன. உதிர்ந்த நுண்துகள்களை அயற்பொருளாகக் கண்ட உடல் அவற்றை எதிர்த்தது. மூட்டின் உட்சவ்வு அழற்சியுற்று, மூட்டில் நீர் கோத்தது. எலும்பில் துளைத்த வழி அகன்றது. 1990களில் இவற்றுள் பல விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன.

இவ்வேறுபாட்டின் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். நாள்தோறும் 5000 அடி நடக்கும் ஒருவரின் ஒவ்வொரு காலும் 2500 முறை மடங்கி நீள்கிறது. ஓராண்டில் இது 9 இலட்சத்தைத் தாண்டும். 50 ஆண்டுகளில் நாலரைக் கோடியை எட்டும். உயிருள்ள தசைநார் சிறு கீறல்களைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். செயற்கை நாருக்கு அவ்வாற்றல் இல்லை. ஒவ்வோர் உராய்வும் அதில் கணக்காகச் சேர்கிறது.

வலிமையும் பாதுகாப்பும்

சில்லைக் காக்கும் இயற்கை நார் ஏறத்தாழ 200 நியூட்டன் விசையில் அறுகிறது. இளையோரின் முன் குறுக்குத் தசைநாரோ 2000 நியூட்டனுக்கு மேலும் தாங்கும். எனவே, சில்லுக்குத் தேவையானது மிகுந்த வலிமையன்று, அளவான நெகிழ்ச்சியே. விறைப்பான செயற்கை நாரை இறுகக் கட்டினால் சில்லு தொடையெலும்பின்மீது அழுந்தும். வழுவழுப்பான குருத்தெலும்பு நாளடைவில் தேயும். இவ்வாறு, நார் அறாமலேயே மூட்டுக் கெடலாம்.

இன்று பாலியெஸ்டர் நாரும் மிகுஎடைப் பாலிஎத்திலீன் இழைப்பட்டையும் சில்லு அறுவையில் பயன்படுகின்றன. இத்தசைநார் மூட்டின் உட்சவ்வுக்கு வெளியே அமைந்திருப்பதால், உதிரும் துகள்கள் மூட்டுக்குள் நேரே கலக்கும் வாய்ப்புக் குறைவு. ஆகவே, பழைய குறுக்குத் தசைநாரின் தோல்வியை அப்படியே இதற்கும் பொருத்திப் பார்ப்பது சரியன்று. அதேவேளையில், சில ஆண்டுகளின் நல்ல முடிவுகளைக் கொண்டு வாழ்நாள் பாதுகாப்பை உறுதிசெய்வதும் சரியன்று. பதினாறு வயதில் பொருத்தப்படும் நார், அறுபது வயதிலும் அதே முழங்காலில் இருக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கியது. முதல் மூன்று வடிவங்களும் சோதனைகளில் தோற்றன. நான்காம் வடிவத்தின் வட்டத்தகடு மிகுஎடைப் பாலிஎத்திலீனால் ஆனது. அது 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மனித உடலுக்குள் செல்லும் முன்பே தோல்விகளைக் கண்டறிவதுதான் சோதனையின் பயன்.

கண்காணிப்பின் தேவை

ஆய்வகச் சோதனை எத்துணைக் கடுமையாயினும் ஐம்பது ஆண்டு வாழ்வை முழுமையாகக் காட்டாது. எனவே, பொருத்திய பின்னும் கண்காணிப்புத் தொடர வேண்டும். இந்தியாவில் மருத்துவக் கருவிகளால் விளையும் தீய விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. ஆபத்தின் அளவுக்கேற்பக் கருவிகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 சனவரி முதல் நடைமுறையில் உள்ளன.

சட்டத்தோடு நோயாளியின் விழிப்பும் சேர வேண்டும். பொருத்தப்பட்ட நாரின் பெயரும் தொகுதி எண்ணும் அறுவை நாளும் குறிக்கப்பட்ட ஆவணத்தைப் பேணுதல் வேண்டும். வலி இல்லையென்று மறு பரிசோதனையைத் தவிர்த்தல் கூடாது. மலையூரிலிருந்து மருத்துவமனைக்குச் செல்வது ஒரு நாள் கூலியை இழக்கச் செய்யும் என்பது உண்மையே. ஆனால், நலமாக இருப்பவர் வராமற்போனால் அவருடைய நலமும் பதிவாவதில்லை. துன்புறுபவர் வராமற்போனால் அவருடைய துன்பமும் மறைந்துபோகிறது. இரண்டும் பதிவானால்தான் அடுத்து வரும் நோயாளிக்கு மருத்துவர் சரியான அறிவுரை கூற இயலும்.

நடுவட்டத்துச் சிங்கோனாப் பட்டையில் கிடைத்த குயினைன் காய்ச்சலைத் தணித்தது. அளவு மிகுந்தால் காதில் இரைச்சலை உண்டாக்கியது. நன்மையும் தீமையும் ஒரே பொருளில் இருப்பதை மருத்துவர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தே அறிந்தனர். முழங்காலுக்குள் வைக்கப்படும் நாருக்கும் அந்தப் பொறுமையான கவனிப்பே உரைகல்லாகும்.

கற்பவை கற்றபின்

1. செயற்கை நாரின் வலிமை மட்டுமே அதன் பாதுகாப்புக்குச் சான்றாகுமா? கலந்துரையாடுக.
2. அறுவைக்குப் பின் மறு பரிசோதனையின் தேவையை வலியுறுத்தி உங்கள் ஊர் மக்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதுக.