கேட்காத சிம்பொனியும் கேட்ட பாக்கும்

நாம் கேட்கும் இசை ஒன்று, நாமே வாசிக்கும் இசை இன்னொன்று என்று 'மூசிகா பிராக்டிகா' (1970) கட்டுரையில் ரோலான் பார்த் பிரித்தார். தமிழ்நாட்டில் மூன்றாவதும் உண்டு: பேச்சில் மட்டுமே இருக்கிற இசை. 1993இல் ஜான் ஸ்காட் நடத்த, லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. அது வெளியாகவேயில்லை. 2025 மார்ச் 8இல் லண்டனில் அரங்கேறிய 'வேலியன்ட்' வேறு படைப்பு.

பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. பண்ணைப்புரம் எங்கள் மாவட்டம். "நம்ம ராசா வெள்ளைக்காரனுக்கே நோட்ஸ் எழுதிக் குடுத்துட்டாரு" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் முடிந்தது, அதுக்கு மேல பேச்சு கிடையாது. இந்தப் பெருமிதத்தைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. தலித் குடும்பத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் இடதுசாரி மேடைகளில் வளர்ந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் அவர். சபாக்களின் அதிகாரத்தைத் தாண்டி நேரே லண்டனுக்குப் போனது அரசியல்தான். ஆனால் இந்தச் சொல்லாடலில் பிறப்பும் முதலிடமும் இருக்கின்றன, இசை இல்லை.

கேட்காத இசையைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாதா? சில சமயம் முடியும். ஒரு ராக் பாட்டை ஹார்ப்சிகார்டில் வாசிக்கத் திட்டமிட்ட கலைஞர் அதைச் செய்யாமலே விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூலம் நம் காதில் இருக்கிறது. கருவியின் இயல்பும் தெரியும். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு அலகு தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பியானோவில் சுத்தியல் அடிப்பதால் விரலின் பலம் ஒலியில் தெரியும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். இங்கே ரெண்டும் நடக்காது. எலெக்ட்ரிக் கிடாரில் நீண்டு உறுமும் ஒலி இதில் சட்டென்று செத்துவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஸ்வரக்கூட்டுகளை உடைத்து உருட்டியாக வேண்டும். வெண்பாவை விருத்தமாக்குகிறவனுக்குச் செப்பலோசை கையை விட்டுப் போகிற மாதிரி. ஆக, கருவி மாற்றம் என்பது மறுஎழுத்து. நடக்காத திட்டத்தையும் இந்த அளவு வாசித்துவிடலாம். 1993 சிம்பொனிக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது: மூலமே நம்மிடம் இல்லை.

கேட்கக் கிடைப்பது 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. அதில் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகத் தலைப்பிட்ட பகுதி, பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையை எடுத்துக்கொள்கிறது. அந்த முன்னிசையை 1731இல் பாக்கே ஆர்கனுக்கு மாற்றி, சுருதியையும் இறக்கி, எக்காளமும் முரசும் சேர்த்து ஒரு கான்டாட்டாவுக்கு முகப்பாக வைத்தார். தனியாக முணுமுணுத்தது அங்கே ஊர்வலமாகிவிடுகிறது. இளையராஜா வேறு வேலை செய்கிறார். வயலினை வயலினாகவே விட்டு, அதனோடு தன் மெட்டைப் பேசவிடுகிறார். ரெண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், யாரும் யார் வாசலிலும் காத்து நிற்கவில்லை. டீக்கடைப் பெருமிதம் தேடுகிற சமத்துவம் இந்த ஒலிக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது.

பிரேம்-ரமேஷ் மாதிரி ஒரு சிலரை விட்டால், இந்த இசையின் உள்ளே போய் எழுதியவர்கள் இங்கே குறைவு. பாக்கின் இடைவிடாத ஓட்டத்துக்குள் அந்தத் தமிழ்க்குரல் எந்த இடத்தில் நுழைகிறது, எந்த இடத்தில் அதை ஓடவிட்டுச் சும்மா நிற்கிறது என்று எழுத, லண்டனிலிருந்து எந்தப் பெட்டியும் வந்து இறங்க வேண்டியதில்லை.