பொதிக்கு வந்த மேலதிகக் கட்டணம்



கடல் கடந்து வாழும் மக்களுக்கு ஊரிலிருந்து பொதி அனுப்பாத வீடு இன்று நம்மிடையே அரிதாகிவிட்டது. ஒடியல், மிளகாய்த்தூள், வேப்பம்பூ வடகம், பேரப்பிள்ளைக்கு ஒரு பட்டுச் சட்டை என்று பார்த்துப் பார்த்து அடுக்கி, கடையிலே நிறுத்துப் பணம் கட்டிப் பற்றுச்சீட்டும் பெற்று வருகிறோம். மூன்றாம் நாள் தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது: “உங்கள் பொதிக்கு மேலும் இவ்வளவு ரூபா செலுத்த வேண்டும், செலுத்தும்வரை பொதி புறப்படாது.” கேட்கும் தொகை சில வேளைகளில் முதலிற் கட்டிய தொகையையே மிஞ்சிவிடுகின்றது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு இது சிறிய அடி அன்று. இந்த மேலதிகக் கட்டணம் எங்கிருந்து பிறக்கிறது, அதனை எப்போது மறுக்கலாம், எவ்வாறு மறுத்தால் அது செல்லும் என்பனவே இன்று நாம் ஆராயப்புகும் பொருள்.

அனுப்பிய பின்னர்க் கூலி கேட்பது தபால் வரலாற்றிற் புதியதன்று. 1840ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்திலே கடிதத்துக்குரிய கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். சென்ற தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு அக்கூலி கணிக்கப்பட்டது. அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தவேண்டும், தூரத்தை விட்டு நிறையைக் கொண்டே கணிக்கவேண்டும் என்று 1837இல் வாதிட்டவர் றோலண்ட் ஹில். 1840இல் ஒரு பென்னி முத்திரை வந்தது. 1857இல் இலங்கைக்கும் முத்திரை வந்தது. அதன்பின், முத்திரை குறைந்த வெளிநாட்டுக் கடிதத்தின் உறையில் ‘ரீ’ என்னும் ஆங்கில எழுத்தைக் குத்தி, குறைந்த தொகையின் இரட்டிப்பைப் பெறுபவரிடம் அறவிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அந்த எழுத்து, கட்டணம் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தாகும். தண்டம் கசப்பானதுதான், ஆயினும் எவ்வளவு குறைந்தது என்பது உறையிலேயே இலக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. கணக்குக் கண்முன்னே இருந்தது. இன்று தொலைபேசியில் வரும் செய்தியிலோ தொகை இருக்கிறது, கணக்கு இருப்பதில்லை.

அந்தக் கணக்கை நாமே போடக் கற்றுக்கொள்வோம். விமானத்தின் சரக்கறை நிறையால் மட்டும் நிரம்புவதில்லை, இடத்தாலும் நிரம்புகின்றது. ஒரு மூடை சீமெந்தும் ஒரு மூடை பஞ்சும் ஏறக்குறைய ஒரே இடத்தை அடைக்கும். பஞ்சுக்குத் தராசு நிறையின்படி மட்டும் கூலி வாங்கினால் விமானத்தாருக்குக் கட்டுப்படியாகாது. ஆதலால் அவர்கள் ‘கனவளவு நிறை’ என்ற ஒன்றை வகுத்துள்ளனர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து, ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையை 5,000ஆல் வகுத்தால் கிடைப்பது கிலோக் கணக்கிலான கனவளவு நிறை. பெரும் கூரியர் நிறுவனங்கள் இந்த 5,000ஐயே கைக்கொள்கின்றன. பொது விமானச் சரக்கில் 6,000ஆல் வகுப்பது வழக்கம். தராசு நிறை, கனவளவு நிறை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். இதிலே வஞ்சனை ஒன்றும் இல்லை. வஞ்சனை இருந்தால் அது வேறிடத்தில் இருக்கும்.

ஓர் உதாரணம் கொள்வோம். பருத்தித்துறையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் மகளுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார். பெட்டி 50 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 30 உயரம். தராசில் 7 கிலோ. கணக்குக்காகக் கிலோவுக்கு 1,800 ரூபா என்று வைத்துக்கொண்டால், கடைக்காரர் வாங்கியது 12,600 ரூபா. ஆனால் கனவளவுப்படி 60,000ஐ 5,000ஆல் வகுக்க வருவது 12 கிலோ. அதற்குரிய கட்டணம் 21,600 ரூபா. கதை இத்துடன் முடியவில்லை. துணிமணிகளைத் திணித்து மூடிய பெட்டி நான்கு பக்கமும் உப்பியிருந்தது. கொழும்பிலுள்ள அளவுப்பொறி உப்பலையும் சேர்த்தே அளக்கும். ஒவ்வொரு பக்கமும் 3 சென்ரிமீற்றர் கூடி, 53, 43, 33 என்றாகிவிட்டது. இவற்றைப் பெருக்கி வகுத்தால் 15 கிலோவுக்குச் சற்றே மேல். அரைக் கிலோவாக மேல்நோக்கி முழுமையாக்கும் வழக்கப்படி 15½ கிலோ. கட்டணம் 27,900 ரூபா. ஏழு கிலோப் பெட்டிக்கு 15,300 ரூபா மேலதிகமாகக் கேட்கப்படுவது இவ்விதமே.

இனி ஆசிரியை எதைச் சொல்லி மறுப்பது? “தராசில் ஏழு கிலோதானே காட்டியது!” என்று வாதிடுவது இயல்பு, பெரும்பாலானோர் அதனையே சொல்லித் தோற்கின்றனர். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் கனவளவு விதி அச்சிடப்பட்டிருக்கும். அவ்வாதம் அங்கேயே விழுந்துவிடும். நிற்கக்கூடிய வாதங்கள் இரண்டு. முதலாவது, அளவு தவறு என்பது. 12 கிலோவுக்கும் 15½ கிலோவுக்கும் இடையிலுள்ள 6,300 ரூபா முழுவதும் அளவைப் பொறுத்தது. பெட்டி உண்மையிலேயே உப்பியிருந்ததா, அல்லது மேலே வேறொரு பொதி சாய்ந்திருக்கையில் அளக்கப்பட்டதா என்பதைப் படம் இருந்தாலன்றி அறிய முடியாது. ஆகவே, அளந்த மூன்று இலக்கங்களையும், அளந்த திகதியையும் இடத்தையும், பொறி எடுத்த படத்தையும் எழுத்திற் கேட்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் பொறிகள் பல, அளக்கும்போதே படமும் எடுத்துக்கொள்கின்றன. கேட்டால் அது கிடைக்கலாம். கேளாதவருக்குத் தொகை மட்டுமே கிடைக்கும்.

இரண்டாவது வாதம் இதனினும் வலியது. நாம் பொதியைக் கொடுக்கும் கடை பெரும்பாலும் கூரியர் நிறுவனத்தின் கடை அன்று. அது ஒரு முகவரின் கடை. விலை பேசியவர் அவர், பணம் வாங்கியவர் அவர், நாடாவைக் கையில் எடுக்காதவரும் அவரே. கனவளவு என்ற விதி உண்டென்பது தொழில் செய்பவருக்குத் தெரியும், ஆசிரியைக்குத் தெரியாது. அளவாமலே ஒரு விலையைச் சொல்லி, அதனைப் பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுத்த பின்னர், நிறுவனம் தம்மிடம் கேட்கும் மிகுதியை வாடிக்கையாளரின் தலையிற் கட்டுவது நேர்மையன்று என்பது என் துணிபு. ஆதலால் முறைப்பாட்டை முதலில் முகவருக்கே எழுதுக. நீண்ட கடிதம் வேண்டியதில்லை. “இன்ன திகதியில் இன்ன இலக்கப் பற்றுச்சீட்டின்படி 12,600 ரூபா முழுக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டீர்கள். அப்போது பெட்டி அளக்கப்படவில்லை. கனவளவுக் கட்டணம் பற்றி எனக்குச் சொல்லப்படவும் இல்லை. மேலதிகமாகக் கேட்கும் தொகைக்குரிய அளவுகளையும் கணக்கையும் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தருக” என்ற அளவே போதும். கோபச் சொற்கள் ஒன்றும் வேண்டா. பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

பொதிக்குள் தின்பண்டம் இருந்து, பிணக்குத் தீரும்வரை அது களஞ்சியத்திற் கிடந்து கெட்டுப்போகும் என்றால் என் செய்வது? பணத்தைக் கட்டிப் பொதியை விடுவிப்பதே புத்தி. ஆனால் கட்டும்போது, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், மீளக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுக. வாய் திறவாமற் கட்டிய பணத்தை நாம் இசைந்து கொடுத்த பணமென்று பின்னர் சொல்வது அவர்களுக்கு எளிது.

இதுவரை சொன்னது அனுப்பும் கூலி பற்றியது. பெறுபவரிடம் கேட்கப்படும் சுங்கத் தீர்வை வேறொரு குலம். இரண்டையும் குழப்பிக்கொண்டு முகவரிடம் சண்டையிடுவதிற் பயனில்லை, ஏனெனில் அந்தப் பணம் அந்நாட்டு அரசுக்குரியது. தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்பு, பிரித்தானியாவில் 39 பவுண் பெறுமதிவரையும், கனடாவில் சில பண்டங்கள் நீங்கலாக 60 கனடா டொலர்வரையும் வரியின்றிச் செல்லும். நம்மவருட் சிலர், பொதி தொலைந்தால் நட்டஈடு கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணி, பத்தாயிரம் ரூபாப் பொருளுக்கு முப்பதாயிரம் என்று பத்திரத்தில் எழுதிவிடுகின்றனர். அந்த இலக்கத்தைப் பார்த்தே அங்கே வரி விதிக்கிறார்கள். குறைத்து எழுதுவதோ குற்றம். உள்ளதை உள்ளபடி எழுதி, அன்பளிப்பு என்ற கட்டத்தையும் குறித்துவிட வேண்டும். அவ்வாறு செய்தும் தவறாக வரி அறவிடப்பட்டால், தபால்வழிப் பொதிக்குப் பிரித்தானியாவில் பி.ஓ.ஆர். 286 என்ற படிவமும், கனடாவில் பி2ஜீ என்ற படிவமும் பெறுபவர் மீளப்பெறுதற்கு உள்ளன. ஆகையால் கடைப் பற்றுச்சீட்டுகளை அனுப்பியவர் எறிந்துவிடலாகாது. அங்கே சான்றாக அவை வேண்டப்படும்.

இடையிலே ஓர் எச்சரிக்கை. பொதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, சிறு தொகை கட்டுக என்று கூறி, வங்கி அட்டையின் இலக்கத்தைக் கேட்கும் போலிச் செய்திகள் பல உலாவுகின்றன. தபால் திணைக்களத்தின் பெயராலும் அவை வந்து, திணைக்களமே மக்களை எச்சரிக்க நேர்ந்தது. செய்தியிலுள்ள தொடுப்பைத் தொடாமல், பற்றுச்சீட்டில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

முகவர் பதில் தராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் அதனை அணுகலாம். சேவையைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுவது நன்று; நாள் கடத்துவது முகவருக்கே வாய்ப்பாகும். இன்னொரு வழி, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி வைத்து வாதிடுவதில்லை. இரு பகுதியாரும் நேரில் அமர்ந்து பேசுகின்றனர். இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழை வழங்குவார்கள். அதன்பின் நீதிமன்றம் செல்லலாம். ஆயினும் பதினையாயிரம் ரூபாவுக்காக அவ்வளவு தூரம் செல்ல எவரும் விரும்பார், முகவரும் விரும்பமாட்டார். அதனாலேதான் பல வழக்குகள் அந்த மேசையிலேயே தீர்ந்துவிடுகின்றன. செல்லும் நாளில் பற்றுச்சீட்டு, கடிதப் பிரதி, நாடாவைப் பெட்டியின்மேல் வைத்து எடுத்த படம் ஆகியவற்றைக் கொண்டுசெல்க. அதே கடையில் அதே அளவில் வாங்கிய வெறும் பெட்டி ஒன்றையும் உடன் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, அங்கிருப்பவர்களையே அளக்கச் சொல்லலாம்.