72 மணி நேரக் கணக்கு



மாமியார் பிரச்னை முதல் மாதவிலக்குக் கோளாறு வரை எல்லாவற்றையும் இந்தப் பகுதியில் நாம் மனம் விட்டுப் பேசுகிறோம். நான் எழுதப் போவது அதைவிடக் கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனால், இது தேவைப்படும் நேரத்தில் யாரையும் தேடிப் பிடித்துக் கேட்க அவகாசம் இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது 2022ல், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிய வந்தது. எனக்கு இல்லை. 'அவருக்கு எப்படி வந்துச்சு?' என்றுதான் படிக்கிறவர்களுக்கு முதலில் கேட்கத் தோன்றும். அதை நாங்கள் இருவரும் பேசி, அழுது, சண்டை போட்டு முடித்தாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு அது வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியின் ஏ.ஆர்.டி. மையத்தில் அவருக்குக் கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். ஆணுறையும் அங்கேயே இலவசம். ஒருமுறை தீர்ந்துபோய் மெடிக்கல் ஷாப்பில் கேட்டபோது, தெரிந்த கடைக்காரர், "அக்காவுக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே, இது எதுக்கு?" என்று இவரிடம் சிரித்தாராம். நம் பக்கத்தில் உறை என்றாலே பிள்ளை பிறக்காமல் தடுக்கத்தான் என்ற நினைப்பு. ஆபரேஷன் கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது.

சிகிச்சை தொடங்கிய நாலாவது மாதம், ஒரு சனிக்கிழமை இரவு, உறை கிழிந்துவிட்டது. எங்களுடையது ஏன் கிழிந்தது என்று தெரியவில்லை. பொதுவாக தேங்காய் எண்ணெய், வாசலின் பட்டால் ரப்பர் இளகிவிடுமாம். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலும், பல்லால் கடித்துப் பிரித்தாலும், 'இரட்டைப் பாதுகாப்பு' என்று இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் கிழியும் என்று பின்னால் சொன்னார்கள்.

இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு டெட்டால் போட்டுக் கழுவலாமா என்றுதான் முதலில் தோன்றியது. நல்ல வேளை, மையத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். உள்ளே தண்ணீர் பீய்ச்சுவதோ, சோப்பு, டெட்டால் போடுவதோ கூடவே கூடாது. உள்ளே இருக்கும் மென்மையான தோல் புண்ணானால் கிருமி நுழைய அதுவே வழியாகிவிடும்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மையம் இருக்காது. திங்கக்கிழமை போலாம்" என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. விடிந்ததும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போனோம். சிஸ்டரிடம் வாய் திறக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அவர் முகம் சுளிக்கவில்லை. "எத்தனை மணிக்கு நடந்துச்சும்மா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. கிருமி உடம்புக்குள் போன உடனே ரத்தம் முழுக்கப் பரவிவிடுவதில்லை. நிலைத்து வேரூன்ற ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அதற்குள் மருந்து போய்விட்டால் பெருகாமல் தடுக்கலாம். முதல் மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப விசேஷம். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதைத் தாண்டினால் கொடுத்துப் பயனில்லை. அதனால் '72 மணி நேரம் இருக்கே' என்று மூன்றாம் நாள் சாயங்காலம் கிளம்பக் கூடாது. ஊசி குத்திக்கொள்ளும் நர்சுகள், டாக்டர்களுக்காக இந்த மருந்தை அவசரப் பிரிவிலேயே வைத்திருப்பார்கள். ஞாயிறு என்பதற்காக நான் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். என் தங்கையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "அதான் டி.வி. விளம்பரத்துல வருமே, 72 மணி நேர மாத்திரை, அதை வாங்கிப் போட்டுக்க" என்றாள். அது அவசரக் கருத்தடை மாத்திரை. கெடு ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் எச்.ஐ.வி.க்கும் சம்பந்தமே கிடையாது. கருத்தடை ஆபரேஷன் ஆகாத பெண்ணுக்கு இரண்டுமே தேவைப்படலாம். டாக்டரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினேன். திங்கட்கிழமை ஏ.ஆர்.டி. மையத்தில் கவுன்சிலர் பேசினார் (வார்டு கவுன்சிலர் இல்லை சகோதரிகளே, ஆலோசகர்). "சிகிச்சையே எடுக்காத ஆணோட ஒரு தடவை உறையில்லாம உறவு வச்சா, பொண்ணுக்குத் தொத்தற வாய்ப்பு பத்தாயிரத்துல சுமார் எட்டு" என்றார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்காம் அது. 'இவ்வளவுதானா? ராத்திரி பூரா தூங்காம செத்தேனே!' என்றிருந்தது எனக்கு. ஆனால் அது சராசரிதான். அவருக்குக் கிருமி எண்ணிக்கை அதிகமாக இருந்தாலோ, இருவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண், வேறு பால்வினை நோய் இருந்தாலோ ஏறும். ஆசனவாய் வழி உறவில் பல மடங்கு அதிகம். அந்தச் சராசரியை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அடுத்து அவர் கேட்டது, "உங்க வீட்டுக்காரருக்கு வைரல் லோடு பாத்தாச்சா?" ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணும் பரிசோதனை அது. சிகிச்சை தொடங்கி ஆறாம் மாதம்தான் எடுப்பார்கள். இவருக்கு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று காட்ட அத்தாட்சி இல்லை. "அதனாலதான் உங்களுக்கு மாத்திரை. இவர் ஒழுங்கா மருந்து சாப்பிட்டு, கிருமி கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருந்தா, உங்களுக்கு இதுவே தேவைப்பட்டிருக்காது" என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. அப்போதுதான் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் கவனித்தார்கள். சென்னையிலும் புனேயிலும்கூட நடந்திருக்கிறது. உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011ல் வெளியிட்டார்கள். கிருமி நன்றாக அடங்கியிருந்த காலத்தில் துணைக்குப் பரவியதே இல்லை என்று 2016ல் வந்த இறுதி முடிவு சொன்னதாம். அதைக் கேட்டு வெளியே வந்தபோதுதான் இவர் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

மருந்து 28 நாள். தினம் ஒன்று. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கும். இவர் சாப்பிடுவதும் அதேதான்! ஆரம்பிக்கும்போதே எனக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிறுநீரகம் மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இந்த மருந்து காமாலை பி கிருமியையும் அடக்கி வைக்கும். அந்தத் தொற்று இருப்பவர் டாக்டருக்குத் தெரியாமல் நடுவில் நிறுத்தினால் கல்லீரலுக்கு ஆபத்து. கர்ப்பமாக இருந்தாலும், சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரம் குமட்டல், லேசான தலைவலி. பிறகு சரியாகிவிட்டது. உடம்பைவிட வீட்டைச் சமாளித்ததுதான் கஷ்டம். "என்னம்மா தினமும் மாத்திரை?" என்று அத்தை கேட்க, "ரத்தம் கம்மியாம்" என்று சொல்லி வைத்தேன். மறுநாளே பாசமாக இரும்புச் சத்து டானிக் வாங்கி வந்துவிட்டார்! நல்ல வேளையாக மையத்தில் போன் போட்டுக் கேட்டேன். இரும்பு, கால்சியம் இரண்டும் வெறும் வயிற்றில் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து டானிக் குடிக்கலாம், இல்லை சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்றார்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துக்கு அந்தச் சலுகையும் கிடையாது. அதை இரண்டு மணி நேரம் தள்ளித்தான் குடிக்க வேண்டும்.

28 நாள் முடிந்ததும் கதை முடியவில்லை. ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மறுபடி ரத்தப் பரிசோதனை. முடிவு வரும்வரை உறை கட்டாயம், ரத்த தானம் கூடாது. மூன்றிலும் எனக்கு இல்லை என்றே வந்தது. இவருடைய ஆறாம் மாத வைரல் லோடும் கண்டறிய முடியாத அளவு என்று வந்தது.

கணவருக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பெண்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவரைப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் மட்டும் தனியாகவே டாக்டரைப் பார்க்கலாம். மருந்து வேண்டுமா என்று அவர் சொல்வார். பிறகு கணவருக்கு இல்லை என்று தெரிந்தால் டாக்டரே நிறுத்திவிடுவார். பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை மையத்தில் இலவசம். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கும் இந்த மருந்து உண்டு. போலீசில் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒருவரின் எச்.ஐ.வி. விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்று 2017ல் சட்டமே வந்து, 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு முதலில் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே கேட்கலாம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஈரோடு மாவட்டம்.