எழ முடியவில்லையா? வயதின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்து எழும் பெரியவரைப் பார்த்து, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றுவதில்லை. ஆனால் இது பல நேரங்களில் சார்கோபீனியா எனப்படும் தசைத் தேய்வாக இருக்கலாம். கண்டுபிடிக்கக்கூடியது, சிகிச்சை உள்ளது. ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி முதற்கட்டமாக வீட்டிலேயே சோதிக்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் சந்தேகிக்க வேண்டும். கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் அப்படியே. எடையை நம்பிப் பயனில்லை. தசை கரைந்த அளவுக்குக் கொழுப்பு கூடினால் எடை மாறாது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். அது குறையும்போது நீரிழிவு கட்டுக்குள் வருவது கடினம். கால் தடுக்கினால் ஊன்றிச் சமாளிக்க வலு இராது. இடுப்பெலும்பு முறிவுவரை போகும்.

தள்ளாத வயதில் உடற்பயிற்சியா என்று கேட்பார்கள். பாஸ்டனில் சராசரி வயது 90 உள்ள சிலருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி தந்தபோது கால்வலு இரு மடங்குக்கு மேல் கூடியதாக 1990-ல் ஓர் ஆய்வு வெளியானது. பங்கேற்றவர்கள் பத்தே பேர் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் 1994-ல் அதே குழு முதியோர் இல்லத்தில் 100 பேரிடம் சோதித்தபோதும் பயிற்சி பலித்தது. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. சத்துமாவு டப்பாவை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தினமும் வாக்கிங் போவது இதயத்துக்கு நல்லது, தசைக்கு அது போதாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப்பயிற்சி வேண்டும் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்தே தொடங்கலாம். இதயநோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு.

பயிற்சியோடு புரதமும் வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல். மூன்று வேளையும் இட்லி, சோறு, ரசம் என்றிருந்தால் அது சேராது. முட்டை, மீன், சுண்டல், தயிர், பருப்பு ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பயம் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கே பொருந்தும். அவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மிக ஆபத்தானது நீண்ட படுக்கை. ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுத்திருந்ததில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்ததாக 2007 ஆய்வு ஒன்று காட்டியது.  தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டோடு, எந்த நாளிலிருந்து நடக்கலாம், என்ன பயிற்சி, எத்தனை முறை என்பதையும் எழுதி வாங்குங்கள்.