நஞ்சைப் படிக்கவும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் வேணும்

கட்டுமாவடியில் விடியற்காலையில் மீன் மார்க்கெட் களைகட்டும்போதே டீக்கடையும் களைகட்டிவிடும். போன மாதம் அங்கே ஒரு தென்னை விவசாயியைப் பார்த்தேன். கஜா புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்து, திரும்ப நட்டு, இப்போது ஊடுபயிர், மாடு, கொஞ்சம் மாப்பிள்ளைச் சம்பா என்று இயற்கை வழிக்கு வந்தவர். முகம் சரியில்லை. என்னண்ணே என்று கேட்டேன்.

"பாப்பா விலங்கியல் முடிச்சிருச்சு தம்பி. மேக்கொண்டு நச்சியல் படிக்கப் போறேங்குது. நாம நஞ்சே வேணாம்னு வெலகி வந்துட்டோம், இது போயி நஞ்சைப் படிக்கிறேங்குதே. படிச்சா எங்க வேலை கிடைக்கும்? மருந்துக் கம்பெனியிலதானே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. போன வருசம் எங்கள் குழுவுக்கு நடந்தது ஞாபகம் வந்தது. குழு அரிசியை ஒரு வியாபாரி சோதனைக்கு அனுப்பினார். குளோர்பைரிபாஸ், கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தது. பத்துக் கோடிப் பங்கில் மூன்று பங்கு. தம்மாத்துண்டு அளவுதான், ஆனால் இயற்கை என்று சொல்லி விற்கிற அரிசியில் அதுவும் இருக்கக்கூடாதே. மூட்டைகள் திரும்பி வந்தன. "எங்க வயல்ல மருந்தே அடிக்கலைங்க" என்று கத்தினோமே தவிர, அந்தக் காகிதத்தைப் படித்து நாலு கேள்வி கேட்க எங்களில் ஆள் இல்லை.

படித்துப் பார்த்தது அந்தப் பாப்பாதான். எந்த மூட்டையிலிருந்து மாதிரி எடுத்தாங்க, சாக்கு புதுசா பழசா, குடோனில் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டது. சாக்கு பழசு. அதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குதிரிலிருந்து நேராக எடுத்து வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழே என்று வந்தது. அதற்குள் சரக்கு சாதா அரிசி விலைக்குப் போய்விட்டது. ஒரு வருச உழைப்பு ஒரு பழைய சாக்கில் போனது.

இதை அண்ணனிடம் சொல்லி, "உங்க பாப்பா படிக்கட்டும்ணே" என்றேன்.

சூழல் நச்சியல் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மண்ணிலும் தண்ணியிலும் காற்றிலும் சேர்கிற நஞ்சு எங்கே போகிறது, எவ்வளவு நாள் கிடக்கிறது, எந்த உயிரை எந்த அளவில் தாக்குகிறது என்று அளந்து சொல்லும் படிப்பு. மருந்து டப்பாவில் முக்கோணம் பார்த்திருப்பீர்கள். சோதனை எலிகளில் பாதி சாக, உடம்பெடை கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை போதும் என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பச்சை முக்கோணம் என்றால் நல்ல மருந்து என்று கடைக்காரர் சொல்வார். அந்த நிறம் சொல்வது ஒரே தடவையில் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதை மட்டும்தான். இருபது வருசம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் என்ன, மண்புழுவுக்கு என்ன, தேனீக்கு என்ன என்பது அந்த நிறத்தில் இல்லை. அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு: மண்புழுவை மருந்து கலந்த மண்ணில் 14 நாள் விட்டுப் பார்ப்பது, மீனை 96 மணி நேரம் பார்ப்பது, தேனீயை 48 மணி நேரம் பார்ப்பது. இதையெல்லாம் செய்யவும், செய்தவர் சரியாகச் செய்தாரா என்று பார்க்கவும் படித்த ஆள் வேண்டும்.

நம்ம பக்கத்துத் தென்னைக்கு வேரில் மோனோகுரோட்டோபாஸ் கட்டினோமே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டினால் 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. எத்தனை தோப்பில் 45 நாள் பொறுத்தோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த மருந்தை நிறுத்த ஒன்றிய அரசு 2023ல்தான் ஆணை போட்டது.

நஞ்சு வழக்கு எதுவும் கோசத்தால் மட்டும் ஜெயித்ததில்லை. 1958ல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்த பிறகுதான் 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டமே வந்தது. காசர்கோட்டு முந்திரிக் காட்டில் எண்டோசல்ஃபானை ஹெலிகாப்டரில் தெளித்ததை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன லீலாகுமாரி அம்மா, வேளாண் துறையில் வேலை பார்த்தவர். தெளிப்பு 2000ல் நின்றது. ஆனாலும் நோய்க்குக் காரணம் மருந்துதானா என்ற வாதம் நிற்கவில்லை. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் வந்து ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத் தடை 2011ல் வந்தது.

நம்ம கடற்கரைக் கதையும் அதேதான். இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் அய்யா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நாக்பூரின் நீரி நிறுவனத்து ஆட்கள் கடற்கரைக்கு நேரில் வந்து, பண்ணையில் வரும் வருமானத்தைவிட ஊருக்கு ஆகிற இழப்பு அதிகம் என்று கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்குத்தான் நீதிமன்றத்தில் பேசியது. அதே வருசம் ஆகஸ்டில் வேலூர் தோல் ஆலை வழக்கில் தீர்ப்பு வந்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனது என்ற கணக்கைக் கொடுத்தது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். உழவர் கண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு எண் நின்றது. அப்புறம்தான் காது கொடுத்தார்கள்.

சரி, எங்கே படிப்பது? பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைக்கு வேளாண்மை இளங்கலை ஒரு நல்ல வாசல். நம்ம மாவட்டத்திலேயே குடுமியான்மலையில் கல்லூரி இருக்கிறது. மீன்வளம் என்றால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த இரண்டிலும் 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. எங்கள் ஊரில் இதுவே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. விலங்கியல், வேதியியல், உயிர்வேதியியல் படித்தவர்களுக்கும் கதவு அடைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மருந்தியலோடு சூழல் நச்சியலும் சேர்ந்த துறை இருக்கிறது. கடல் சார்ந்து போக நினைத்தால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகமே தனியாக உண்டு, காய்கறியில் எச்சம் பார்க்கிற வேலையை அங்கேயே பழகலாம். முனைவர் பட்டம் வரை போகிறவர்களுக்கு லக்னோவில் 1965ல் தொடங்கிய இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டுக்குப் பாரம் இல்லை.

வேலை? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு 2019ல் ஆள் கேட்டபோது, தகுதிப் பாடங்களின் பட்டியலில் சூழல் நச்சியல் என்று பேர் சொல்லியே போட்டிருந்தது. உணவுப் பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. இறால், நண்டு ஏற்றுமதி நடக்கிற இடத்திலெல்லாம் ஆண்டிபயாடிக் எச்சம் பார்க்க ஆய்வக ஆள் தேவை. நம்ம அங்ககச் சான்றளிப்புத் துறைக்கும் தனியார் சான்று நிறுவனங்களுக்கும் எச்சச் சோதனையைப் புரிந்த ஆய்வாளர்கள் வேண்டும்.

அண்ணன் கேட்ட மருந்துக் கம்பெனி விசயத்தை மறைக்கப் போவதில்லை. இந்தப் படிப்புக்கு நிறைய வேலை இருப்பது அங்கேதான். புது மருந்தைப் பதிவு செய்யத் தேவையான சோதனைகளைக் காசுக்குச் செய்து கொடுக்கும் ஜிஎல்பி ஆய்வகங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் படப்பையிலும் ஒன்று உண்டு. போகலாமா? நம்ம இயக்கத்திலேயே சிலர் கூடாது என்பார்கள். போகட்டும் என்பதே என் கட்சி. நாலு வருசம் போய் இருந்து, ஒரு மருந்து எப்படிப் பதிவாகிறது, எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு வரட்டும். வெளியே நின்று எவ்வளவு நாள் கல்லெறிவது? எலியையும் முயலையும் கொன்று சோதிக்கிற வேலை மனசுக்கு ஒத்துவராத பிள்ளைகளும் உண்டு, அவர்கள் எச்ச ஆய்வுப் பக்கம் போய்விடலாம்.

கட்டுமாவடியில் இருந்துகொண்டு இதையெல்லாம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கல்லணைக் கால்வாய் சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, நம்ம பக்கத்து மும்பாலை ஏரியில் வந்து முடிகிறது. தண்ணி நமக்குக் கடைசியாகத்தான் வரும், சில வருசம் வரவே வராது. ஆனால் மேலே தெளிப்பதில் ஒரு பங்கு அந்தத் தண்ணியோடு வருமா, வராதா? மணமேல்குடி வட்டாரம் 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் வந்தது. எதிரே இருக்கிற பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022ல் கடற்பசுக் காப்பகம் ஆனது. கடற்பசு தின்பது கடற்புல்லை. ஆஸ்திரேலியாவில் கரும்புக்கு அடித்த டையூரான் என்ற களைக்கொல்லி கடலுக்குப் போய்க் கடற்புல்லைத் தாக்குவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். களைக்கொல்லிக்கு வயல் புல்லும் கடல் புல்லும் ஒன்றுதானே. நம்ம கடைமடைத் தண்ணியை வருசா வருசம் அப்படி அளக்க உள்ளூரில் ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நல்லது.

அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு, "அப்ப பீஸ் கட்டிரவா?" என்றார். கட்டிவிட்டார்.

போன வாரம் பாப்பா எனக்குப் போன் செய்தது. "மாமா, மதகுத் தண்ணி எடுக்கணும். பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது, மருந்து அதுல ஒட்டிக்கும். பழுப்புக் கண்ணாடி பாட்டில் நாலு வேணும். எடுத்த உடனே ஐஸ்ல வைக்கணும்" என்றது.

பாட்டிலுக்கு அறந்தாங்கியில் சொல்லியிருக்கிறேன். ஐஸுக்குக் கட்டுமாவடியில் என்ன பஞ்சம்?